முந்நூற்றுப் பன்னிரண்டு முட்டிகள்

"உங்க பேரு என் காலுக்குள்ள இருக்குதுங்க அம்மிணி" என்றார் வாசலில் நின்ற பெண்.

முன்பின் தெரியாதவர் காலை பத்து மணிக்கு வந்து இப்படிச் சொன்னால் யாருக்கும் கதவைச் சாத்தத்தான் தோன்றும். சிந்துஜா சாத்தவில்லை. வந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். தோளில் தோல்பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் விசில். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வலது தொடைக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற உலோகம். அதன் முட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"நான் லோகேஸ்வரிங்க. பொள்ளாச்சி வால்பாறை வண்டில கண்டக்டரு. இதப் பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். மின்காலோடு வந்த செயலியின் கடைசிப் பக்கம். யாரும் எட்டிக்கூடப் பார்க்காத அந்த மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'கே-6 சில்லு. பராமரிப்பவர்: சிந்துஜா, சோமனூர்.'

பதினோரு ஆண்டுகளாக அந்தச் சில்லுக்கு, அதாவது கணினிச் சிப்புக்கு, நிரல் எழுதுகிறாள் சிந்துஜா. அதை உடம்பில் சுமக்கும் ஓர் ஆளை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள்.

"கீழ விழுந்துட்டனுங்க" என்றார் லோகேஸ்வரி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "ரெண்டு மாசத்துல மூணு வாட்டி. படிக்கட்டுல கால வெச்சா முட்டி அப்பிடியே கட்டை மாதிரி நின்னுக்குது. இன்னொருக்கா விழுந்தா வண்டிய விட்டு இறக்கிருவோம்னு டிப்போவுல எழுதிக் குடுத்துட்டாங்க. கால் செஞ்ச கம்பெனிய மூடிப் பதினாலு வருஷமாச்சு. யாரைப் போய்க் கேக்கறது? அப்பறம்தான் உங்க பேரப் பாத்தனுங்க. சோமனூர்தானே, ஒரு பஸ்ஸு ஏறினா வந்தரலாம்னு வந்துட்டேன்."

சிந்துஜாவின் மேசையில் கணினி திறந்திருந்தது. அதில் அனுப்பாத கடிதம் ஒன்று இருந்தது. ஒரே சொல்: 'சம்மதம்.'

அந்தச் சம்மதம் எதற்கென்று சொல்லிவிட வேண்டும். அது 2064-ஆம் ஆண்டு. உலகத்தில் ஓடும் முக்கால்வாசி இயந்திரங்களுக்கு அடியில் ஒரே கெர்னல்தான். அதைப் பத்தாயிரம் பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பழைய சில்லுக்கும் ஒரு காவலாள் உண்டு. கே-6 சில்லுக்குச் சிந்துஜா. அவள் வேலை பார்த்த நிறுவனம் விசைத்தறிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்தபோது அந்தச் சில்லைத்தான் வைத்தார்கள். போன ஆண்டு எல்லாத் தறிகளிலும் பலகையை மாற்றி, பழையதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். சிந்துஜா மட்டும் அந்த நிரலை விடவில்லை. சில பேருக்குத் தினமும் குறுக்கெழுத்துப் போடாவிட்டால் தலை வலிக்கும் இல்லையா, அந்த மாதிரி.

கெர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பழைய சில்லை யாரும் பயன்படுத்தவில்லை என்று சந்தேகம் வந்தால், 'நீக்கப் போகிறோம், பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்' என்று தங்கள் அஞ்சல் குழுவில் எழுதுவார்கள். பதினான்கு நாளில் யாரும் வாயைத் திறக்காவிட்டால் கத்தரித்துவிடுவார்கள். அந்தக் குழு இருப்பதே தெரியாதவன் எப்படி வாயைத் திறப்பான் என்று கேட்கக் கூடாது. அது அவர்களுக்குத் தோன்றுவதேயில்லை.

கே-6 சில்லுக்கான அறிவிப்பு சனிக்கிழமை வந்தது. எழுதியவர் தலைமைப் பராமரிப்பாளர் வஞ்சிரு, நைரோபி நகரத்துப் பெண்மணி. நாற்பத்தோராயிரம் வரிகள் போகும். தறிகள் போன பிறகு அந்தச் சில்லை வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத்தான் சிந்துஜா 'சம்மதம்' என்று எழுதி வைத்திருந்தாள். இதைப் பற்றி நடந்த காணொளிக் கூட்டத்தில் அவர் இடது கையைக் கழுத்தில் தொங்கும் தூளியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "வழுக்கிவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

சிந்துஜா இதையெல்லாம் லோகேஸ்வரியிடம் சொன்னாள்.

"கெர்னல்னா என்னங்க அது?"

"உங்க பஸ்ஸுல சீட்டு, லைட்டு, கதவு எல்லாம் இருக்குதில்லீங்க்கா? அதுக்கெல்லாம் அடியில சேசிஸ்னு ஒண்ணு இருக்குமே, அதுதான். யாரு கண்ணுக்கும் படாது. ஆனா அது இல்லாட்டி மேல ஒண்ணும் நிக்காது."

"அதை எடுத்துட்டா?"

உடம்போடு பொருத்திய கருவி எதிலும் நடப்புக் கெர்னல் இல்லாவிட்டால் அதை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அரசுத் திட்டத்தில் கொடுத்த கால் அது. எலும்பில் அடித்த முளை அந்தக் காலுக்கென்றே செய்தது, இப்போது வரும் புதுக் கால் எதுவும் அதில் பொருந்தாது.

"ஊன்றுகோல்தாங்க்கா" என்றாள் சிந்துஜா.

லோகேஸ்வரி தன் முட்டியைத் தட்டினார். "மலைப்பாதைல தானியங்கி வண்டி ஓடக்கூடாதுன்னு சட்டம் இருக்கறதுனாலதான் எனக்கு இந்த வேலை. நாப்பது கொண்டை ஊசி வளைவு. தினம் ரெண்டு நடை, இருபது வருஷமா நின்னுட்டே போயிட்டு வர்றேன். ஊன்றுகோல் வெச்சுட்டு எப்படிங்க டிக்கெட் குடுக்கறது?"

சிந்துஜா எழுந்து போய் அந்த ஒற்றைச் சொல் கடிதத்தை அழித்தாள்.

*

அன்று பகல் முழுக்க லோகேஸ்வரி அந்த வீட்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளையைப் போல இருந்தது அது.

"மலைலதான் வருதுங்க. அதுவும் மழை புடிச்சதுக்கு அப்பறம்" என்றார் லோகேஸ்வரி.

அதனால் வியாழக்கிழமை காலை பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்ட வால்பாறை வண்டியில், நடத்துநர் நிற்கும் இடத்துக்கு எதிர் இருக்கையில், மடியில் கணினியோடு சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். கணினியிலிருந்து லோகேஸ்வரியின் முட்டிக்கு ஒரு நீளமான வயர் போனது.

"ஏனுங் கண்டக்டரம்மா, காலுக்குச் சார்ஜ் போடறீங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமாங்க, புல்லா ஏறிருச்சுன்னா பஸ்ஸுக்கு முன்னாடி ஓடுவேன். அட்டகட்டிக்கு ஒண்ணா, ரெண்டா?"

ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியது வண்டி. ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் இரண்டு சாலைச்சுவர் மேல் நின்று வேடிக்கை பார்த்தன. இருபதைத் தாண்டியதும் மூடுபனி. ஜன்னலை மூடியும் குளிர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்தேழாவது வளைவில் தோட்டத் தொழிலாளிகள் நான்கு பேர் இறங்க வேண்டியிருந்தது. லோகேஸ்வரி முதலில் படியில் கால் வைத்தார். முட்டி பூட்டிக்கொண்டது.

கம்பியைப் பிடிக்காவிட்டால் சாலையில் விழுந்திருப்பார். சிந்துஜா பாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள். ஒன்றரை நொடி கழித்து முட்டி தானாகவே திறந்துகொண்டது.

திரையில் எல்லாம் பதிவாகியிருந்தது. 'முட்டியைத் திற' என்ற கட்டளையைக் கெர்னல் சரியான நேரத்தில் அனுப்பியிருந்தது. சில்லு அதை வாங்கியும் கொண்டது. ஆனால் கட்டளை முட்டிக்குப் போய்ச் சேரவில்லை. குளிரில் அந்தக் கிழட்டுச் சில்லு அதை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டது. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று கெர்னல் தற்செயலாக எட்டிப் பார்த்தபோதுதான் சட்டென்று உள்ளே அனுப்பியது. ஏன் என்று சிந்துஜாவுக்குப் புரியவில்லை.

எதிரே ஒரு தேயிலை லாரி இறங்கி வந்தது. வளைவில் இரண்டுக்கும் இடமில்லை, பேருந்து பின்னால் போக வேண்டும். லோகேஸ்வரி கீழே நின்று விசில் அடித்தார். வண்டி அசையவில்லை. நான்கடி தள்ளிப் போய், பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற மாதிரி நின்று, உள்ளே இருந்த ஓட்டுநரைப் பார்த்தார். வண்டி உடனே நகர்ந்தது.

அவர் ஏறி வந்ததும் சிந்துஜா கேட்டாள்: "விசில் அடிச்சீங்க. அவரு ஏன் அப்பவே எடுக்கல?"

"ரித்திக்கண்ணன் மலைல வெறும் விசிலுக்கு வண்டிய எடுக்க மாட்டாருங்க. விசில் யாரு வேணா அடிப்பான். கண்ணாடில என்ற மூஞ்சி தெரிஞ்சாத்தான் எடுப்பாரு. எல்லா மலை வண்டிலயும் அப்படித்தான்."

"பாத்து என்ன பண்ணுவீங்க? கையக் காட்டுவீங்களா?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா பாக்கறதுதான். பாக்காட்டி வண்டி நகராது."

சும்மா பார்ப்பது. நிரலில் அப்படி ஒரு வரி இருந்தது சிந்துஜாவுக்குத் தெரியும். சில்லுக்குக் கட்டளை அனுப்பிய கையோடு, அதே இடத்தை ஒரு முறை படித்துப் பார்த்து, படித்ததை எதற்கும் பயன்படுத்தாமல் தூக்கி எறிந்துவிடும் ஒரு வரி. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான், காரணம் எழுதாமல், விட்டுவிட்டுப் போன வரி. பிழை தேடும் கருவி அதைப் 'பயனற்றது' என்று கோடு போட்டுக் காட்டியிருந்தது. மார்ச் மாதம் பதினோராம் தேதி அந்த மாதிரி அறுபத்தொரு வரிகளைப் பெருக்கித் தள்ளி, 'சுத்தம் செய்தேன்' என்று குறிப்பு எழுதி, குழுவில் நாலு பேரிடம் பாராட்டும் வாங்கியிருந்தாள் சிந்துஜா. கோடை முழுக்கத் தெரியவில்லை. மழை வந்ததும் லோகேஸ்வரி விழ ஆரம்பித்தார்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சில்லுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னால் உலகமே நம்பும்.

"அக்கா" என்றாள். "உங்களக் கீழ தள்ளி விட்டது நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். லோகேஸ்வரி கேட்டுக்கொண்டார். திரும்பிப் போய் டிக்கெட் கொடுத்தார். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று வளைவுகள் போய்க்கொண்டே இருந்தன. சிந்துஜாவுக்கு அழுகை வந்தது. முப்பத்தைந்தாவது வளைவில் திரும்பி வந்தார்.

"மொத வாட்டி விழுந்தப்போ பல்லு ஒண்ணு போச்சு" என்றார். "உங்க மேல கோவமாத்தான் இருக்குது, இல்லைன்னு பொய் சொல்லலீங்க. ஆனா பதினோரு வருஷமா அந்தக் கால நடக்க வெச்சதும் நீங்கதானே. திருப்பிப் போட்டுருவீங்களா அந்த வரிய?"

"இப்பவே போடறேன்."

வால்பாறை பேருந்து நிலையத்தில், டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டாள். இறங்கும்போது குளிர் அப்படியே இருந்தது. லோகேஸ்வரி எட்டு நிறுத்தங்களில் இறங்கி ஏறினார். இருபத்தேழாவது வளைவில் வேண்டுமென்றே மூன்று தடவை. முட்டி வெண்ணெய் மாதிரி மடங்கியது.

*

வெள்ளிக்கிழமை சிந்துஜா திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு வரி. அதற்கு மேலே, இம்முறை, பன்னிரண்டு வரிகளில் காரணம். வழக்கப்படி அடியில் இரண்டு குறிப்புகள். 'தவறு நேர்ந்தது: மார்ச் 11, சிந்துஜாவின் மாற்றத்தால்.' இரண்டாவதை லோகேஸ்வரியே தன் கைப்பேசியில் எழுதி அனுப்பியிருந்தார்: 'சோதித்தவர்: லோகேஸ்வரி, நடத்துநர், பொள்ளாச்சி.'

மறுநாள் வஞ்சிருவின் பதில் வந்தது. அந்தக் குழுவில் அவரவர் மொழியில் எழுதலாம், படிப்பவர் மொழியில் வந்து விழும்.

'திருத்தம் சரி. நேர்மைக்கு நன்றி. ஆனால் என் கேள்வி வேறு. சோதித்தவர் என்று ஒரே ஒரு பெயர் இருக்கிறது. ஒருவருடைய காலுக்காக நாற்பத்தோராயிரம் வரிகளை உலகம் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா? என்னால் அப்படிக் கேட்க முடியாது. வேறு யாராவது இருக்கிறார்களா? வரும் சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.'

"நெஞ்சழுத்தக்காரி" என்று திட்டினாள் சிந்துஜா. லோகேஸ்வரியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"எத்தன பேரு வேணுமாமா அவங்களுக்கு?"

"இருக்காங்களா?"

"என்னங்க அம்மிணி இப்படிக் கேட்டுட்டீங்க. இந்தக் கால் வெச்சிருக்கறவங்களுக்குன்னு முட்டிச் சங்கம் இருக்குது, அதுல முந்நூத்திப் பன்னெண்டு பேரு இருக்கோம். அந்தக் கால்ல கொஞ்சம் ஏதோ வெளிநாட்டுக்குக் கூடக் கப்பல்ல போச்சாம், அது கணக்குல வராது."

சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் லோகேஸ்வரி அன்றைக்கே கேட்டார்: 'மழைக்கு அப்பறம் யாரெல்லாம் விழுந்தீங்க? வெக்கப்படாமச் சொல்லுங்க.' பத்தொன்பது பேர் சொன்னார்கள். பத்தொன்பது பேரும் தன் கால்தான் கிழடாகிவிட்டது, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். சிந்துஜாவுக்கு அதைக் கேட்டபோது ஆத்திரமும் வந்தது, அடிவயிற்றில் ஒரு தெம்பும் வந்தது.

ஆனால் வெயிலில் நடந்து காட்டிப் பயனில்லை, குளிர் வேண்டும். சங்க உறுப்பினர் தர்ஷன் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். "எங்க கிடங்குல மூணு டிகிரி இருக்கும். வந்து எவ்வளவு வேணா நடங்க. மூட்டைய மட்டும் மிதிச்சறாதீங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கியவர்களைப் பார்த்து மண்டிச் சுமைதூக்கிகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தஞ்சாவூர், திண்டுக்கல், ஓசூர் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தையல்காரர், பள்ளி ஆசிரியை, புரோட்டா மாஸ்டர், ஒரு நாதஸ்வரக்காரர். இருநூற்று எண்பத்தேழு பேர். வர முடியாத இருபத்தைந்து பேர் வீட்டிலேயே முட்டியில் ஐஸ் பை கட்டிக்கொண்டு படி ஏறினார்கள்.

கிடங்குக்குள் மரப்பலகைகளை அடுக்கி ஏழு படி கட்டியிருந்தார் தர்ஷன். ஒவ்வொருவரும் புது நிரலைக் காலில் ஏற்றிக்கொண்டு இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். லோகேஸ்வரி வாசலில் நின்று, பேருந்தில் ஏற்றுவது மாதிரியே ஏற்றினார். "உள்ள போங்க, உள்ள போங்க, படில நிக்காதீங்க!"

பதினொரு மணிக்குள் இருநூறு பேர் முடித்தார்கள். ஒரு முட்டியும் பூட்டவில்லை. அப்புறம் தர்ஷனே ஏறினார். நான்காவது படியில் கட்டையாக நின்றது கால். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். சிந்துஜாவுக்கு அந்த மூன்று டிகிரியிலும் வியர்த்தது. கீழே உட்கார்ந்து வயரைச் சொருகினாள். திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, நீங்க புதுசு ஏத்தவே இல்லியா?"

தர்ஷன் நெளிந்தார். "போன வாட்டி ஏத்தினதுக்கு அப்பறம்தானே கெட்டுப்போச்சு. அதான் நீங்கெல்லாம் மொதல்ல நடங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு..."

"அட கருமமே!" என்றார் லோகேஸ்வரி. கிடங்கே சிரித்தது. அங்கேயே ஏற்றினார்கள். தர்ஷன் இருபதுக்கு நாற்பதாக ஏறி இறங்கினார். பழைய நிரலில் பூட்டும், புதியதில் பூட்டாது என்பதற்கு இதைவிட நல்ல சோதனையைச் சிந்துஜாவே திட்டமிட்டிருக்க முடியாது.

'சோதித்தவர்' என்று இன்னொருவர் பெயரை எழுதக் கூடாது, அவரவர்தான் எழுத வேண்டும் என்பது குழுவின் வழக்கம். அன்று பகல் இரண்டு மணியிலிருந்து கெர்னல் குழுவுக்குள் கடிதங்கள் விழ ஆரம்பித்தன. ஐம்பது, நூறு, இருநூறு. டோக்கியோவிலும் பெர்லினிலும் இருந்த பெரிய பெரிய நிரலாளர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் விழித்தார்கள். 'சோதித்தவர்: கவின், தையல்காரர், திண்டுக்கல். மாடியில் இருக்கும் மெஷினுக்கு நானே ஏறிப் போனேன்.' 'சோதித்தவர்: ஹர்ஷிதா, ஆசிரியை, ஓசூர். கால் இருக்கிறது. எடுத்துவிடாதீர்கள்.' 'சோதித்தவர்: ரிஸ்வான், புரோட்டா மாஸ்டர். நாளைக்கு மலைக்குப் போறேன்.'

மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு. கெர்னலின் வரலாற்றில் ஒரே ஒரு வரிக்கு இத்தனை பேர் சாட்சி சொன்னதில்லை. சிந்துஜா மண்டி வாசலில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, பெயர்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு ஆண்டுகளாகத் தான் யாருக்காக எழுதினோம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பொள்ளாச்சி நிலையத்தில் வால்பாறை வண்டி புறப்படத் தயாராக நின்றது. சிந்துஜா கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பதில் வந்துருச்சுங்க்கா!"

"என்னவாம்?" என்றார் லோகேஸ்வரி, படியில் ஒரு காலை வைத்தபடி.

சிந்துஜா மூச்சு வாங்கப் படித்தாள்.

'நீக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன். திருத்தம் ஏற்கப்பட்டது. உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊரிலிருந்து நாற்பது கால்கள் மொம்பாசா துறைமுகத்துக்கு வந்தன. மற்றவை என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. உலகத்திலேயே நான் ஒருத்திதான் மிச்சம் என்று நம்பியிருந்தேன். ஜூன் மாதக் குளிரில் என் வீட்டுப் படியில் விழுந்தபோது, கால் கிழடாகிவிட்டது என்று முடிவு செய்தேன். தலைமையில் இருக்கும் நான், என் ஒரு காலுக்காக எல்லாரையும் நாற்பத்தோராயிரம் வரிகளைச் சுமக்கச் சொல்லலாமா? அதனால் நீக்கச் சொன்னேன். இன்று காலை இங்கே பதினொரு டிகிரி. உங்கள் வரியை ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினேன். சோதித்தவர்: வஞ்சிரு, நைரோபி.'

சிந்துஜா படித்து முடித்துக் கணினியை மூடினாள். தூளியில் கட்டிய அந்தக் கை கண்ணுக்குள் வந்து நின்றது. நெஞ்சழுத்தக்காரி என்று திட்டியதும் நினைவுக்கு வந்தது.

லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டு, கண்ணாடியில் ரித்திக்கண்ணனின் முகத்தைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. ஓடும் வண்டியின் படியில் அந்தச் சாம்பல் நிறக் காலை ஊன்றி நின்றபடி அவர் திரும்பிக் கத்தியது நிலையம் முழுக்கக் கேட்டது.

"அந்தம்மாவையும் சங்கத்துல சேத்துருங்க அம்மிணி! முந்நூத்திப் பதிமூணு!"